அப்பாகிட்ட சொல்லிடாதீங்க!

தமிழ் வீடுகளில் ஒரு பெரியவர் திடீரென்று சுருண்டு விழுந்தால் முதலில் கூப்பிடுவது ஆம்புலன்ஸை அல்ல. முதலில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. யார் யாரிடம் இதைச் சொல்லக் கூடாது?

பெங்களூரில் இருக்கும் மகளிடம் சொல்லக் கூடாது, பாவம் மாசமா இருக்கா. துபாயில் இருக்கும் மகனிடம் சொல்லக் கூடாது, லீவு கிடைக்காம தவிப்பான். ஹாஸ்டலில் இருக்கும் பேரனிடம் சொல்லவே கூடாது, செமஸ்டர் நடக்குது. பக்கத்து வீட்டில் சொல்லக் கூடாது, தெருவெல்லாம் பரவிடும். கடைசியாக, இருப்பதிலேயே பெரிய தடை..... விழுந்தவரிடமே சொல்லக் கூடாது! "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், அவர் தாங்க மாட்டார்."

இதற்குப் பெயர் பாசம் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாசம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆளைக் கொல்லுகிற பாசம். இந்தப் பதிவு அந்தப் பாசத்தோடு சண்டை போடுவதற்காகத்தான்.

பொய் நம்பர் 1: "ஒண்ணுமில்ல, கேஸ்தான்"

முதல் பொய்யைச் சொல்வது பிள்ளைகள் அல்ல, பெரியவர்களேதான். நெஞ்சு அடைக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தோள்பட்டை கனக்கிறது. உடனே ஒரு சோடா, இல்லாவிட்டால் ஓமத்தண்ணி. "மத்தியானம் சாப்பிட்ட கிழங்கு, வாயு பிடிச்சிருக்கு" என்று நோயையும் தானே கண்டுபிடித்து மருந்தையும் தானே எழுதிக்கொண்டு படுத்துவிடுவார்கள். அம்மாக்கள் இன்னும் ஒரு படி மேலே. வலியோடு அடுப்படியில் நின்று, எல்லோருக்கும் இட்லி ஊற்றிக் கொடுத்து, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் "என்னமோ மாதிரி இருக்கு" என்று வாயைத் திறப்பார்கள்.

சினிமாவில் மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். நிஜத்தில் வயதானவர்களுக்கும், பெண்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அப்படி வராமலே போகலாம். மூச்சு வாங்கும், வியர்க்கும், மேல்வயிற்றில் ஒரு சங்கடம் இருக்கும், காரணமே இல்லாமல் அசதியாக இருக்கும். அதாவது கேஸ் மாதிரியேதான் இருக்கும்! எது கேஸ், எது மாரடைப்பு என்று சொல்ல வேண்டியது இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும். சித்தப்பா அல்ல, ஓமத்தண்ணி பாட்டிலும் அல்ல.

பக்கவாதத்தில் இந்தப் பொய்யின் விலை இன்னும் அதிகம். வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கையைத் தூக்கினால் கீழே விழுகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஏதாவது ஒன்று திடீரென்று வந்தாலும் போதும், கிளம்ப வேண்டியதுதான். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையைத் தகுந்த நோயாளிகளில் சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்ய முடிகிறது. ஆனால் அதிலும் சீக்கிரம் வந்தவருக்குத்தான் பலன் அதிகம். பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. "கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போகும்" என்று சொல்லி முடிப்பதற்குள் எத்தனை லட்சம் போயிருக்கும்?

சில சமயம் பத்து நிமிஷத்தில் கை, வாய், பேச்சு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். வீடே பெருமூச்சு விடும். "பாத்தியா, நான்தான் சொன்னேனே!" உண்மையில் அது தீர்ந்துபோன ஆபத்து அல்ல, வரப்போகும் ஆபத்து முன்கூட்டிப் போட்ட கடுதாசி. முழுப் பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த 2 நாட்களில்தான் மிக அதிகம். தானாகச் சரியானால் இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்பதுதான் மருத்துவம் சொல்வது.

ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?" அங்கேயும் பொய். காலையில் எழுந்திரிக்கும்போதே கை மரத்துப் போயிருந்ததை மறைத்து, "இப்பத்தான் சார், ஒரு மணி நேரமா" என்பார்கள், லேட்டாகக் கூட்டி வந்ததற்குத் திட்டு விழுமே என்று. அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதே அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவாகிறது. தவறான நேரத்தில் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அதே அளவு முக்கியம். கேட்டால், "அந்த சின்ன வெள்ளை மாத்திரை சார்..." வெள்ளை மாத்திரை எத்தனை ஆயிரம் இருக்கிறது!

இத்தனைக்கும் வசதி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது. 2023ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தால் முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. அரசாங்கம் மாத்திரையைக் கிராமம் வரைக்கும் கொண்டு வந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்ற உண்மைதான் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர மாட்டேன் என்கிறது.

பொய் நம்பர் 2: "பரீட்சை முடியட்டும்"

இந்தப் பொய்யைப் பற்றிக் கல்லூரி ஹாஸ்டல்களில் கேட்டால் கதை கதையாக வரும். அப்பாவுக்கு ஆஞ்சியோ நடந்து பத்து நாள் கழித்து லீவுக்கு வீட்டுக்குப் போன பையன், சட்டைப் பொத்தான் இடைவெளியில் பிளாஸ்திரியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். பாட்டி ஐ.சி.யு.வில் இருந்தது காரியம் முடிந்த பிறகுதான் தெரிய வருகிறது. "உன் படிப்பு கெட்டுடுமேன்னுதாம்ப்பா..."

ஒரு அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். பாட்டியை எந்த செமஸ்டரில் பார்ப்பது? பத்தொன்பது வயதில் ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம், கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அப்பாவின் இதயத்தில் எத்தனை அடைப்பு என்று மட்டும் தெரியக் கூடாதாம்!

இதில் கெட்டது செய்தி தாமதமாவது மட்டுமல்ல. இப்படி ஒருமுறை ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு எந்தப் போனிலும் நிம்மதி இருக்காது. "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற வார்த்தைக்கு மதிப்பே போய்விடுகிறது. அம்மா சாதாரணமாக இருமினாலும் சந்தேகம், ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தாலும் நடுக்கம். கவலைப்படக் கூடாது என்று மறைத்தவர்கள், ஆயுசு முழுக்கக் கவலைப்பட ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அதைவிடக் கெட்டது, அந்தப் பிள்ளை பாடத்தையும் கற்றுக்கொள்கிறது. 19 வயதில் மறைக்கப்பட்டவன் 45 வயதில் மறைப்பவனாக வந்து நிற்கிறான், ஐ.சி.யு. வாசலில்.

பொய் நம்பர் 3: "லேசான அடைப்புதான்"

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை உண்டு, 'அட்டெண்டர்'. "பேஷண்ட்டோட அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டதும் மகன் எழுந்து ஓடுவான். டாக்டர் மகனிடம் பேசுவார். ஸ்கேன் படத்தை மகனிடம் காட்டுவார். கையெழுத்தையும் மகனிடம் வாங்குவார். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தி, வீடு கட்டி, அந்த மகனுக்கே கல்லூரிப் பணம் கட்டிய மனுஷர் நாலடி தள்ளிக் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்!!

மூளை குழம்பியா போயிருக்கிறது? இல்லை. இதயத்தில்தான் அடைப்பு. ஆனால் வயதானவர் கட்டிலில் படுத்த நிமிஷமே குழந்தையாகிவிட்டதாகக் கணக்கு. அம்மாக்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் படுப்பதற்கு முன்பும் அப்படித்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மகன் முடிவெடுப்பான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்பாவும் மகனும் மருமகனும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, மறைத்ததால் என்ன கெட்டது? ஸ்டென்ட் வைத்தவரையே எடுத்துக்கொள்ளலாம். "லேசான அடைப்புப்பா, சரி பண்ணிட்டாங்க" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். லேசானதுதானே, சரி பண்ணியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு இத்தனை மாத்திரை? வயிறு எரிகிறது என்று ஒருநாள் ஆஸ்பிரினை விடுகிறார். பல் பிடுங்கப் போகிறோம், ரத்தம் நிற்காது என்று இன்னொரு நாள் குளோபிடோக்ரலை விடுகிறார். டாக்டர் சொன்ன காலத்துக்கு முன்பே அந்த மாத்திரைகளை நிறுத்துவதுதான் ஸ்டென்ட்டுக்குள் மறுபடி ரத்தம் கட்டிக்கொள்ள மிக முக்கியமான காரணங்களில் ஒன்று. அப்படிக் கட்டினால் வருவது லேசான அடைப்பு அல்ல, பெரிய மாரடைப்பு. தன் நெஞ்சுக்குள் ஒரு உலோக வலை இருக்கிறது, அதைத் திறந்து வைத்திருப்பது இந்த மாத்திரைதான் என்று தெரிந்த மனுஷர் அதை நிறுத்துவாரா? பீடியை ஒளித்து வைத்துக் குடிப்பாரா?

ஐ.சி.யு.வில் நடப்பது வேறு கதை. வயதானவர்கள் அங்கே திடீரென்று குழம்பிப் போவார்கள். செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவார்கள், ஊசிக் குழாயைப் பிடுங்குவார்கள், "என்னைக் கடத்திட்டாங்க" என்று கத்துவார்கள். "புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று உறவினர்கள் அழுவார்கள். அது பெரும்பாலும் புத்தி பேதலிப்பு அல்ல, உடல் நோயாலும் இடத்தாலும் வரும் தற்காலிகக் குழப்பம். 1999ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 உள்நோயாளிகளைப் பற்றிய ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐ.சி.யு. அல்ல, பொது வார்டு. ஒரு பிரிவினருக்கு இன்று என்ன கிழமை, இது எந்த இடம், என்ன நடக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கண்ணாடியும் காது மெஷினும் கொடுத்தார்கள், நடக்க வைத்தார்கள், தூங்க விட்டார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம், இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. "நீங்க எங்க இருக்கீங்க தெரியுமா, உங்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று சொல்வதே அந்த வைத்தியத்தில் ஒரு பங்கு! அதைத்தான் குடும்பம் கைநீட்டித் தடுக்கிறது.

"சட்டப்படி பிள்ளைங்கதானே முடிவெடுக்கணும்?"

இல்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக் கூடிய வயதுவந்தவருக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். பெற்ற தாயாக இருந்தாலும் மகளுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. அப்படியிருக்கத் தெளிவாக விழித்திருக்கும் அப்பாவுக்காக மகன் மட்டும் எப்படிப் போடலாம்?

2018 மார்ச்சில் இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. மீளவே முடியாத நிலைக்குப் போனால் செயற்கை சுவாசம் மாதிரியான சிகிச்சைகள் தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்த கஷ்டத்தையும் 2023 ஜனவரியில் நீக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும். நாட்டின் உச்ச நீதிமன்றமே ஒருவரின் கடைசி நாட்களை அவரையே தீர்மானிக்கச் சொல்கிறது. வீட்டில் அவரைச் சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்பதோடு சரி.

"இது நம்ம கலாச்சாரம்!"

"வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான், நம்ம ஊர்ல அது சரிப்படாது" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கு ஒரு சின்ன வரலாற்றுப் பாடம்.

1951ல் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் ஒரு நுரையீரலை அறுத்து எடுத்தார்கள். புற்றுநோய் என்ற வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை. 1961ல் அமெரிக்காவில் ஒரு கணிப்பு. புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவோம் என்று சுமார் 90 சதவீத டாக்டர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணமும் அதேதான், தாங்க மாட்டார்கள்! 1979ல் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டே வருஷம். ஜப்பானில் பேரரசர் ஹிரோஹிடோவுக்குப் புற்றுநோய் என்பதை அவரிடமே சொல்லவில்லை, 1989 ஜனவரியில் அவர் இறந்த பிறகுதான் அறிவித்தார்கள்.

ஆக, இது தமிழ்க் கலாச்சாரமும் இல்லை, கிழக்கத்திய கலாச்சாரமும் இல்லை. எல்லா ஊரிலும் இருந்த பழக்கம். சில ஊர்கள் விட்டுவிட்டன, அவ்வளவுதான்.

"அதிர்ச்சியில ஏதாவது ஆயிட்டா?"

இந்தக் கேள்வி ஒன்றுதான் நியாயமானது. பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் இதில் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது என்ற கணக்கு.

தெரியும். கண்டிப்பாகத் தெரியும். அஞ்சு வருஷமாகப் பேசாத தம்பி ஆப்பிள் பையோடு வந்து நின்றால் தெரியாதா? துபாய் மகன் திடீரென்று "சும்மா பாக்க வந்தேன்" என்று கட்டில் பக்கத்தில் முளைத்தால் தெரியாதா? எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் மருமகள் குரலைத் தாழ்த்திப் பேசினால்..... அதைவிடப் பெரிய அதிர்ச்சி உண்டா! எல்லாம் தெரிந்தும், பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதே என்று அவர் தெரியாத மாதிரி நடிக்கிறார். அவர் வருத்தப்படக் கூடாதே என்று பிள்ளைகள் நடிக்கிறார்கள். ஒரே அறையில் இருந்துகொண்டு எல்லோரும் தனித்தனியாக அழுகிறார்கள்.

அந்த நாடகத்தில் தொலைந்து போவது அவருடைய நேரம். தங்கச்சியோடு இருந்த பழைய மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொள்ள, பேங்க் கணக்கில் நாமினி யார் என்று சொல்ல, அம்மாவுக்கு எந்த வீட்டில் இடம் என்று பேச, தான் ஒரு தடவை ஊர்க் கோவிலைப் பார்க்க வேண்டும் என்று கேட்க அவருக்கு நேரம் வேண்டாமா? அதை எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பிள்ளைகளுக்கு யார் கொடுத்தது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தலையில் கொட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. "எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம், பெரியவன்கிட்ட பேசிக்கங்க" என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை அவரிடம் கேட்டு அல்லவா தெரிந்துகொள்ள வேண்டும்? "அப்பா, டாக்டர் ரிப்போர்ட் பத்திப் பேசணும்கிறார். நீங்களே கேட்டுக்கிறீங்களா, நான் கேட்டு உங்களுக்குச் சொல்லட்டுமா?" ஒரே ஒரு கேள்வி. முப்பது வினாடி கூட ஆகாது. இந்தக் கேள்வியைக் கேட்க மனசில்லாமல்தான் வாரக்கணக்கில் பொய் மேல் பொய்யாக அடுக்குகிறார்கள்.

அடுத்த தடவை லீவுக்குப் போகும்போது...

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 சதவீதம், இந்தியா முழுவதற்கும் 8.6 சதவீதம். பிள்ளைகள் குறைவு, அதிலும் வெளியூரில் இருப்பவர்கள் அதிகம். இந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றைக்கோ பத்து வருஷம் கழித்தோ அந்தப் போன் வரத்தான் போகிறது. அது வரும் ராத்திரியில் எதையும் புதிதாகப் பேச முடியாது. பேச வேண்டியது எல்லோரும் நன்றாக இருக்கும் நாளில்தான்.

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பேப்பரில் அப்பா அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, எதெது ஒத்துக்கொள்ளாது, பழைய நோய்கள், காப்பீட்டு அட்டை எண். பிரிட்ஜ் கதவில் ஒட்டலாம், ஒரு போட்டோ எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் சங்கடமோ, கை வாய் கோணலோ வந்தால் முதல் போன் 108க்கு, மகனுக்கு இரண்டாவது போன் என்று பேசி வைக்கலாம். பிறகு ஒரு ஒப்பந்தம்: "உங்களுக்கு என்ன ஆனாலும் அன்னைக்கே எனக்குச் சொல்லணும். டாக்டர் என்ன சொன்னாலும் அன்னைக்கே நான் உங்களுக்குச் சொல்வேன்." இரண்டு பக்கமும் இருந்தால்தான் அது ஒப்பந்தம். பரீட்சையைக் காரணம் காட்டி மறைக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சண்டை போடும் பிள்ளைகள், நாளைக்கு ஐ.சி.யு. வாசலில் அதே நியாயத்தைக் கடைப்பிடிக்க வேண்டும்.

"தாங்க மாட்டார்" என்று யாரைச் சொல்கிறார்கள்? அப்பாவைப் பெற்றவர்களைக் கொண்டுபோய் வைத்தவர் அவர். கடனில் மூழ்கி எழுந்தவர். பஞ்சத்தையும் வேலை போனதையும் ஊர் ஏச்சையும் தாங்கியவர். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்ற நாலு வார்த்தையை அவர் தாங்குவார். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நிமிஷத்தைத் தாங்க முடியாதவர்கள் பிள்ளைகள்தான்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பிரினைத் தானாக விழுங்கவும் வேண்டாம், தானாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.